துரையைப் பார்த்துக்கொண்ட நான்கு நாட்கள்

துரைக்கு வயிற்றுவலி வந்தது என்னால்தான். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மறைக்கவும் முடியாது. கள்ளக்குறிச்சியில் அன்றைக்கு ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அதை நேரில் பார்த்துவிட்டார்கள்.

துரை என்பது என் மாமாவின் குதிரை. வெள்ளை வெளேரென்று இருக்கும், தலையை நிமிர்த்தியே நடக்கும் என்பதால் அந்தப் பெயர். மாமா என் அம்மாவுக்குத் தம்பி. கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தார். நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது அது. பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களை ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் கல்யாண வீடுகளுக்கும் ஏற்றிப் போவது மாமாவின் தொழில். வண்டியை எங்கள் வாசலில் நிறுத்திக்கொள்ளலாம். குதிரையைக் கட்ட இடமில்லை. ஐந்து ஜட்காக்காரர்கள் சேர்ந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஓட்டுக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். லாயம் என்று அதற்குப் பெயர். துரையும் அங்கேதான் நின்றது.

லாயத்தில் ஐந்து குதிரைகளையும் பார்த்துக்கொண்டவர் பச்சையம்மாள். ஏரிக்கரையில் புல் அறுத்து, வேரில் ஒட்டிய மண் போக அலசிக் கொண்டுவருவார். கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்துவார், கொள்ளு ஊறவைப்பார், குதிரை போடும் லத்தியை அள்ளுவார், சவாரி முடிந்து வரும் குதிரையின் உடம்பை வைக்கோலால் அழுத்தித் தேய்த்து விடுவார். என் அம்மாவைவிட மூத்தவர். ‘அவர்’ என்று இப்போதுதான் எழுதுகிறேன். அப்போது ஒன்பது வயதில் நானும் பேரைச் சொல்லித்தான், நீ வா போ என்றுதான் பேசினேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான்.

மற்ற நான்கு பேரும் குதிரைக்கு மாதம் நாலு ரூபாய் கொடுத்தார்கள். மாமா மட்டும் இரண்டு. துரை கம்மியாகத் தின்கிறது, யாரையும் உதைப்பதில்லை என்றெல்லாம் அதற்குக் காரணம் வைத்திருந்தார். பாக்கி இரண்டு ரூபாயை வாயாலேயே கொடுத்துவிடுவார். பத்துப் பேர் எதிரில் “பச்சையம்மா இல்லன்னா லாயமே இல்ல” என்பார். மாரியம்மன் திருவிழாவன்று அவரைப் பேரக்குழந்தைகளோடு ஜட்காவில் ஏற்றி, ஊரை ஒரு சுற்று சுற்றி இறக்கிவிடுவார். பிறகு வருஷம் முழுக்க அந்தச் சவாரியை அவருக்கு ஞாபகப்படுத்துவார்.

நான் முழுப்பரீட்சை எழுதி முடித்த விடுமுறையில் ஒருநாள் காலை பச்சையம்மாள் எங்கள் வாசலுக்கு வந்தார்.

“நாலு பேரு குடுக்கறதையே நீங்களும் குடுத்துடுங்க, வண்டிக்காரரே. ரெண்டு வருசமா கேட்டுக்கினுதான் இருக்கேன்.”

“இன்னா பச்சையம்மா, நமக்குள்ள இன்னா கணக்கு?” என்று மாமா சிரித்தார்.

“கணக்கு பாக்காததாலதான் இத்தினி நாளா பாதி வாங்கிக்கினு போறேன்.”

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். உள்ளே அம்மாவும் சிரித்தாள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “பெரிய மல வெட்டற வேல பாரு! இத எங்க அக்கா பொண்ணே செய்வா” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. லாயத்துக்குள் காலெடுத்து வைக்கவே விடாதவர், துரையையே என்னிடம் கொடுக்கிறார். பச்சையம்மாள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். “ஓடி வந்த குதிரைக்கு ஒடனே தண்ணி காட்டாத கண்ணு. மூச்சு அடங்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகப் போனதாகத் தெரியவில்லை.

முதல் நாளே புல் அறுக்கும் கருக்கரிவாள் என் விரலைப் பதம் பார்த்தது. நான் அறுத்த புல்லை துரை முகர்ந்து பார்த்து, தும்மி, மண்ணையெல்லாம் என் பாவாடையிலேயே ஊதிவிட்டது. ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் தூக்க என்னால் முடியவில்லை. அரைப் பாத்திரமாகத் தூக்கியதில் நடை இரட்டிப்பானது. கிணற்றுக் கயிறு உள்ளங்கையை உரித்தது. பச்சையம்மாள் மற்ற நான்கு குதிரைகளையும் முடித்துவிட்டுப் போகும்போது நான் இன்னும் லத்தி அள்ளிக்கொண்டிருப்பேன். வீட்டில் கையைக் காட்டவில்லை. காட்டினால் அம்மா நிறுத்திவிடுவாள்.

நான்காம் நாள் மாமா தியாகதுருகத்துக்கு ஒரு கல்யாணக் கோஷ்டியை இறக்கிவிட்டு உச்சி வெயிலில் திரும்பினார். துரையின் வாயில் நுரை. விலாவில் வேர்வை ஓடியது. “பாத்துக்கோ” என்று கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பச்சையம்மாளும் ஏரிக்குப் போயிருந்தார். துரை தொட்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பாவமாக இருந்தது. தண்ணீரைக் காட்டினேன். குடித்துக்கொண்டே இருந்தது. கொள்ளு ஊறவைக்க மறந்திருந்தேன். அதையும் அப்படியே உலர்ந்ததாக, பாவம் களைத்து வந்திருக்கிறதே என்று இரண்டு பங்காக வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் துரை காலால் தரையைப் பிராண்டியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. பிறகு முன்னங்கால் மடித்துப் படுத்துப் புரள ஆரம்பித்தது. நான் மாமாவிடம் ஓடவில்லை. ஏன் என்று தெரியவில்லை, கால்கள் ஏரிக்கரைக்கே ஓடின.

என் முகத்தைப் பார்த்ததுமே பச்சையம்மாள் அரிவாளைப் போட்டுவிட்டார். “தண்ணி காட்டினியா?” என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். என்னை முந்திக்கொண்டு ஓடினார்.

“படுக்க வுடக்கூடாது, எழுப்புங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் லாயத்துக்கு வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்த ஜட்காக்காரர்கள் ஓடிவந்து துரையைத் தூக்கி நிறுத்தினார்கள். பச்சையம்மாள் ஓமமும் பெருங்காயமும் கொதிக்கவைத்து, ஆறியதும் மூங்கில் குழாயால் அதன் வாயில் ஊற்றினார். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் நடக்க ஆரம்பித்தார். சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் மாமா ஓடிவந்தார். “நான் பிடிக்கட்டா?” என்று கேட்டவரை, “நீங்க தள்ளி இருங்க, பயந்தவங்க கை பட்டா அதுவும் பயப்படும்” என்று நிறுத்திவிட்டார்.

வெயில் சாயும்வரை நடந்தார். லத்தி போட்டால்தான் பிழைத்தது என்று அர்த்தமாம். அதனால் ஊரில் மீசை வைத்த பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வால் தூக்கியது. “போட்டுடுச்சிடா!” என்று ஒருவர் துண்டை மேலே வீசினார். மாமா துரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பச்சையம்மா, உனக்கு இன்னா வேணும் கேளு. பொடவ எடுத்துத் தரட்டா?” என்றார்.

பச்சையம்மாள் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். “பொடவ வேணாங்க. நாலு ரூபா போதும்.”

“இந்த மாசத்துலேர்ந்தே!” என்றார் மாமா. அதன்படி அன்று முதல் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பச்சையம்மாள் இன்னும் முடிக்கவில்லை.

“அந்தப் பொண்ணுக்கும் நாலு நாளு கூலி குடுத்துடுங்க.”

“அவளாலதான குதிரையே சாவப் பாத்துது!”

“தப்பும் செஞ்சிது, வேலையும் செஞ்சிதில்ல? அது கையப் பாருங்க.”

மாமா என் கைகளை விரித்துப் பார்த்தார். கொப்புளங்கள் உடைந்து காய்ந்திருந்தன. சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து, வலிக்காத இடமாகப் பார்த்து வைத்தார்.

எனக்கு அழுகையும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. என்னை எல்லோர் எதிரிலும் கூலிக்காரி ஆக்கிவிட்டார் என்று தோன்றியது. பச்சையம்மாளின் பின்னாலேயே போய், “நான் ஒண்ணும் காசுக்காவ செய்யல. எங்க மாமாவுக்காவ செஞ்சேன்!” என்று கத்தினேன்.

அவர் திரும்பிச் சிரித்தார். “நானுந்தான் கண்ணு, ரெண்டு வருசமா” என்று சொல்லிவிட்டு, ஏரிக்கரையில் போட்டுவிட்டு வந்த புல்லை எடுக்கப் போனார்.

மாமாவுக்காகச் செய்கிறவர் என்றால் சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று, வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “பச்சையம்மா நமக்கு இன்னா உறவும்மா?” என்று கேட்டேன். அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா குனிந்து காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை. இருவருக்கும் யோசித்துப் பார்த்தும் சொல்ல வரவில்லை என்றால் ரொம்பத் தூரத்து உறவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.