கோட்டைக் கழட்டுங்கோ அண்ணை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் இணையத்தில் ஒரு தொப்பி வாங்கினேன். பழைய காலத்துத் துரைமார் வெயிலுக்குப் போட்டுத் திரிந்த, கவிழ்த்த சட்டி போன்ற வெள்ளைத் தொப்பி. அதையும் டென்மார்க்கில் இருந்துகொண்டு. இங்கே எப்போது வருவது என்று வெயிலுக்கே தெரியாது. மனைவி பார்த்துவிட்டு, "என்ன, யானை வேட்டைக்கோ?" என்று கேட்டாள்.

கிழமை நாட்களில் எனக்குத் தொழிற்சாலை. சனி ஞாயிறில் ஹொல்ஸ்டெப்ரோ, சில்க்போர்க் என்று ஊர் ஊராகக் கல்யாணவீடுகளுக்குப் படம் எடுக்கப் போவேன். எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் படக்காரன்தான் அரசன். மாப்பிள்ளையைத் தாலியும் கையுமாக நிறுத்தி, ஐயரின் மந்திரத்தையும் நிறுத்தி, "இன்னொருக்கா, இஞ்ச பாத்து" என்று சொன்னவன் நான்.

அப்படிப்பட்டவனைத்தான் பக்கத்து ஊர்ச் சின்ன மியூசியம் ஒன்று கூப்பிட்டது. எப்படியோ டென்மார்க் வந்து சேர்ந்த ஒரு பழைய ஆல்பம் அவர்களிடம் இருந்தது. மதராசில் பட்டாள அதிகாரியாக இருந்து, பிறகு அங்கேயே ஒரு மியூசியத்துக்குப் பொறுப்பாகி, கமெரா என்றால் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாத காலத்தில் படம் எடுத்துத் தள்ளிய ஒரு வெள்ளைக்காரருடையது. அதில் ஒரு படம்: சுவருக்கு முன்னால், முக்காலியில், வெற்றுடம்போடு ஒரு மனிதர். அதே பழைய முறையில், கண்ணாடித் தகட்டில், இங்குள்ள தமிழர் ஒருவரையும் எடுத்து அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றார் பொறுப்பாளரான பெண்மணி. தகட்டுக்கு மருந்து பூசவும் கழுவவும் ஒரு டெனிஷ்காரர் இருந்தார். லென்சின் மூடியைத் திறந்து மூடுவது மட்டும்தான் என் வேலை. அதற்குத்தான் தொப்பி.

படத்துக்கு இருக்கச் சம்மதித்தவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஓர் அண்ணை. எனக்கு உறவில்லை, ஊருக்கே அண்ணை. தன் பழைய பஸ் சீருடைக் கோட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு, என்னையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். மியூசியத்தின் முற்றத்தில், ஒரு சுவருக்கு முன்னால் முக்காலி போட்டிருந்தது.

"தம்பி, இதோட எடு. பேரப்பிள்ளையளும் பாக்கட்டும்."

"கோட்டு அழகாக இருக்கிறது" என்றார் பெண்மணியும்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பழைய படத்தில் கோட்டு இல்லையே!

"கோட்டைக் கழட்டுங்கோ அண்ணை. உள்ளுக்குப் போட்டிருக்கிற சேட்டையும். அச்சொட்டா வரவேணும்."

"முத்தத்தில குளிருதடாப்பா."

"கோயில்ல கழட்டுறனீங்கள்தானே?"

"அங்க கும்பிடக் கழட்டுறன். இஞ்ச ஆரைக் கும்பிடுறது, உன்ர தொப்பியையோ?"

பலமாகச் சிரித்தேன். சிரித்தபடியே கோட்டை வாங்கக் கையை நீட்டினேன். அண்ணை அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கழற்றினார். அவருடைய மகளின் கல்யாணத்துக்கும் நான்தான் படம். அன்று நில்லுங்கோ என்றால் நின்றார், திரும்புங்கோ என்றால் திரும்பினார்.

"அவருக்கு இது சரிதானே?" பெண்மணி கேட்டது என்னிடம்.

"எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் பழக்கம்" என்றேன் டெனிஷில். அவருக்காக நானே பதில் சொன்னேன். காலமெல்லாம் டெனிஷ்காரரை ஏற்றி இறக்கியவருக்கு டெனிஷ் விளங்காதா? அவர் என் பக்கம் திரும்பவில்லை. கமெராவையே பார்த்தார்.

"ஆடாதேங்கோ! மூச்சையும் பிடியுங்கோ!" என்று கத்தி மூடியைத் திறந்தேன்.

கழுவும் தொட்டிக்குள் தகடு முதலில் பால்போலக் கலங்கிக் கிடந்தது. பிறகு மெல்லத் தெளிந்தது. அந்த மருந்து எங்கள் தோலை இருப்பதைவிடக் கறுப்பாகத்தான் காட்டும். தெளியத் தெளிய அண்ணை கரியாகி வந்தார், தோள்களைக் குறுக்கிக்கொண்டு. கண்கள் அப்படியே ஆல்பத்து மனிதரின் கண்கள். அந்தப் பார்வையைக் கம்பீரம் என்று அதுவரை நான் பலருக்கும் விளக்கம் சொல்லியிருந்தேன். எடுத்த அதிகாரியும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

பெண்மணி அருமை என்றார். அந்தக் குளிரிலும் தொப்பிக்குள் எனக்கு வியர்த்தது. அண்ணை கோட்டைப் போட்டு, கழுத்துவரை பூட்டிக்கொண்டு, போய்க் காருக்குள் இருந்துவிட்டார்.

இதை வைக்க வேண்டாம் என்று பெண்மணியிடம் கெஞ்சினேன். படம் அதில் இருக்கிறவருடையது, அவரே சொல்லட்டும் என்று தகட்டைக் காயவைத்துத் துணியில் சுற்றித் தந்தார். தூக்கிக்கொண்டு காரடிக்கு ஓடினேன். அண்ணை கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணை, பெரிய பிழை விட்டிட்டன். நீங்கள் ஓமெண்டு சொல்லுங்கோ, இதை இப்பவே உடைக்கிறன்."

அவர் காரை ஸ்டார்ட் பண்ணினார்.

"உடைச்சால், நான் கழட்டாத மாதிரி ஆகுமோ?"