ராகு காலத்தில் ஒரு வேட்புமனு

என் மகள் சட்டமன்றத் தேர்தலில் நிற்கப்போகிறாள் என்றதும் நான் முதலில் பயந்துதான் போனேன். பெருமை எல்லாம் பிறகுதான் வந்தது.

அவள் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது கோலாலம்பூரில் எங்கள் மக்கள் உரிமை கேட்டுத் திரண்ட பேரணிக்கு அவளையும் கூட்டிப்போயிருந்தேன். கண்ணீர்ப்புகைக்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டம் இன்னும் என் முழங்காலில் இருக்கிறது. கலகத் தடுப்புப் போலீசின் சிவப்பு லோரியைக் கண்டால் இன்றும் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். ஆனால் அந்த ஓட்டத்துக்குப் பிறகுதான் கட்சிகள் எங்கள் வாக்கைத் தேடி வந்தன. அப்புறம் வேட்பாளராக நிறுத்த எங்கள் பிள்ளைகளையும் தேடின. நாட்டில் எந்தத் தொகுதியிலும் நாங்கள் பெரும்பான்மை இல்லை. மலாய்க்காரரும் சீனரும் சேர்ந்து போட்டால்தான் ஒரு தமிழ்ப் பெண் ஜெயிக்கலாம். அப்படி ஒரு தொகுதி கிள்ளானில் அவளுக்குக் கிடைத்தது.

வேட்புமனு நாள் சனிக்கிழமை. காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் கொடுக்க வேண்டும். தாண்டினால் போட்டியே கிடையாது. முன்மொழிபவர் என் கணவர், வழிமொழிபவர் நான். அன்று விடிந்ததும் நாட்காட்டியைக் கிழித்த கணவர் அலறினார்.

“ஒன்பதுலேர்ந்து பத்தரை வரைக்கும் ராகு காலம்!”

“எல்லா வேட்பாளருக்கும் அதே ராகுதான்பா. எலெக்‌ஷன் ஆபீஸ்ல போய் டைம் மாத்தச் சொல்லவா?” என்றாள் மகள்.

அவர் வழி கண்டுபிடித்தார். ராகு காலத்துக்கு முன்பே காரியத்தைத் தொடங்கிவிட்டால் குற்றமில்லை. ஆகவே ஒன்பதுக்கு முன் மனு அவள் கையிலிருந்து வேறொரு கைக்கு மாறிவிட வேண்டும். “அவ்வளவுதானே?” என்ற மகள், மனுத்தாக்கல் மண்டபத்துக்குப் போனதும் வாசலில் நின்ற ஒரு மலாய்ப் பெண்மணியிடம் மனு இருந்த கோப்பை நீட்டினாள். அடுக்குமாடியில் அவளோடு வீடு வீடாக ஏறி வாக்குக் கேட்டவர். எல்லாருக்கும் அவர் ‘மாச்சிக்’, அத்தை. உள்ளே போகும்போது திரும்ப வாங்கிக்கொள்வதாகத் திட்டம்.

அந்த நேரம் பார்த்து வாசல் திறந்தது. எங்கள் பக்கம் உருமி அதிர, எதிர்ப்பக்கம் மலாய்க்காரரின் கொம்பாங் மேளம் முழங்க, நடுவே யாரோ சீனச் சிங்க நடனத்தையும் இறக்கிவிட்டார்கள். கூட்டம் எங்கள் மூவரையும் உள்ளே தள்ளியது. மாச்சிக் வெளியே தங்கிவிட்டார்.

“அம்மா, ஃபைல்!”

நான் ஓடினேன். எனக்கும் கூட்டத்துக்கும் நடுவே போலீஸ் கயிறு, அதன் பின்னால் அந்தச் சிவப்பு லோரி. நின்றுவிட்டேன். ஓர் இளம் போலீஸ்காரர் என் கழுத்திலிருந்த அனுமதி அட்டையைப் பார்த்துவிட்டுக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். “பெலான்-பெலான், ஆன்ட்டி,” என்றார். மெதுவாகப் போகச் சொல்கிறாராம்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மாச்சிக் உருமிக்கு ஆடிக்கொண்டிருந்தார். கசங்கிவிடக் கூடாதென்று மனுவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி.

“போடு மாச்சிக்! அப்படித்தான்!” என்று பையன்கள் விசிலடித்தார்கள்.

நான் கோப்பைப் பிடுங்கினேன். மாச்சிக் என் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைத் தோளால் இடித்து வழி பிளந்து, கயிறுவரை கொண்டுவந்து விட்டார். நான் உள்ளே போய் மேசையில் மனுவை வைத்தபோது அதிகாரி கடிகாரத்தைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பத்து மணிக்குக் கதவை மூடினார்கள்.

பிறகு ஒலிபெருக்கியில் பெயர்கள் வந்தன. மகளின் மனு ஏற்கப்பட்டது. கணவர் அழுதார், நான் பக்கத்திலிருந்த, யாரென்றே தெரியாத ஒரு சீனப் பெரியவரைக் கட்டிப்பிடித்தேன். அவரும் என்னை விடவில்லை.

வெளியே வந்ததும் மாச்சிக் மகளின் தோளைப் பற்றி மலாயில் கேட்டார்: “எங்க ஃபிளாட் லிஃப்ட்ட எப்ப சரி பண்ணுவ?”

“முதல்ல ஜெயிக்கணுமே, மாச்சிக்.”

“ஜெயிக்க வைக்கிறது எங்க வேலை. நீ லிஃப்ட்டுக்குப் பதில் சொல்லு.”