வெந்த ரேகை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊட்டுக்காரரை ஏதாச்சும் சொல்லாட்டி எனக்குப் பொழுதே விடியாது. அவிய எதுத்துப் பேச மாட்டாங்க. "சரி புள்ள"ன்னு சொல்லிப்போட்டு மம்பட்டியைத் தூக்கிக்கிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பிருவாங்க.

தோட்டம்னாலும் எங்களுது இல்லை. வடகரப்பதிக்கு வெளிய கெணத்தோட ரெண்டு ஏக்கரா, எங்க பக்கம் ஜென்மின்னு சொல்ற ஒரு பெரிய நெலக்காரரோட நெலம். பத்து வருசமா இவிய கரும்பும் கடலக்காயும் போட்டுக் குத்தகைக்கு ஓட்டுனது. எழுபதுகளோட ஆரம்பத்துல, ஓட்டறவனுக்கே நெலம்னு சட்டம் வந்துச்சு. மனுப் போட்டா நெலம் நம்ம பேருக்குன்னு பட்டயம் கெடைக்கும். எங்ககிட்ட இருந்த ஒரே அத்தாட்சி ஜென்மி எழுதிக் குடுத்த பாட்டச்சீட்டுங்கற குத்தகைச் சீட்டுதான். கையெழுத்துப் போடத் தெரியாதுங்கறதால அதுல இவிய இடது கட்டைவிரல் ரேகையை வெச்சிருந்தாங்க.

மனு எழுதறவரு வாரத்துக்கு ஒருக்கா பஸ் ஏறி வருவாரு. கடலக்காய் புடுங்கற சமயத்துல அவருக்காகக் காத்துக் கெடக்க யாருக்கு நேரம்? அதனால எங்க பக்கத்துச் சனமெல்லாம் வெத்துக் காயிதத்துல அஞ்சாறு கைநாட்டு வெச்சு அவருகிட்டக் குடுத்துப்போடும். வேணுங்கறப்ப அவரு மேல எழுதிக்குவாரு. இவியளும் அஞ்சு காயிதம் குடுத்தாங்க. மைப்பெட்டியைப் புடிச்சுக்கிட்டு நின்னவளே நாந்தான்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல அந்த மனுசன் காயிதமெல்லாம் வெச்சிருந்த பையை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். ஊரே கதிகலங்கிப் போச்சு. "நெலத்தை விட்டுக் குடுத்துட்டேன்"னு அந்தக் காயிதத்துல எவன் எழுதினாலும் கீழ இவிய நாட்டு இருக்குதே! போலீசுல எழுதிக் குடுத்தோம். வில்லேஜ் ஆபீசுல போயி அழுதோம். அப்படி ஏதாச்சும் காயிதம் வந்தாப் பாத்துக்கலாம்னு அனுப்பிட்டாங்க.

இவிய சோறு திங்கறதை விட்டுட்டாங்க. வெரலைப் பாக்கறதும் பெருமூச்சு விடறதுமா ஒரு வாரம் போச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"சாவி தொலைஞ்சாப் பூட்டை மாத்திப்போடலாம். வெரலை எங்க போயி மாத்தறது? அந்த ரேகையே இல்லீன்னா, நான் வெச்ச நாட்டில்லீன்னு சொல்லிப்போடலாமல்லோ!" அப்படீன்னு கத்துனேன்.

அடக் கடவுளே, கோவத்துல வந்த பேச்சு அது. "சரி புள்ள"ன்னாங்க.

அடுத்த நாள் பக்கத்துத் தோட்டத்துல வெல்லம் காய்ச்சற வேலைக்குப் போனவிய, கையில துணியைச் சுத்திக்கிட்டு வந்தாங்க. கொதிக்கற கொப்பரையோட வெளிம்புல கட்டைவிரலை வெச்சு அழுத்திப்போட்டாங்களாம். தெரிஞ்சேதான் செஞ்சாங்க. நான் தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன். அழுதாலும் ஒண்ணு சொல்லோணும், பயம் போச்சுன்னு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதியும் இருந்துச்சு. புண்ணு ஆற ஒண்ணரை மாசமாச்சு. ஆறினதுக்கப்பறம் வெரலு நுனி வழவழன்னு ஆயிப்போச்சு.

பையி தொலையறதுக்கு முன்னமே போட்ட மனுவுக்குப் பட்டய ஆபீசுல விசாரணைக்குக் கூப்பிட்டாங்க, சீட்டோட போனோம். ஜென்மி பக்கத்து வக்கீலு எந்திரிச்சு, "இந்தப் பேருல ஊருக்குள்ள நாலு பேரு உண்டு. சீட்டுல நாட்டு வெச்சவன் இவனில்லை. இவன் கூலிக்கு வந்தவன்"னாரு. சாட்சி சொல்ல வேண்டிய அக்கம்பக்கத்து ஆளுக, அதே ஜென்மி நெலத்தை ஓட்டறவிய, குனிஞ்ச தலை நிமிரலை. அதிகாரி நல்ல மனுசன்தான். "அதுக்கென்ன, வெரலை வையி, சீட்டோட ஒத்துப் பாத்துரலாம்"னு மைப்பெட்டியை நகத்துனாரு.

அந்த நிமிசந்தான் எனக்கு உறைச்சுது. ஐயோ, திருடுபோன காயிதத்தை மட்டுமா நாங்க செல்லாம அடிச்சோம்! வேண்டாமுங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். எந்நேரமும் ஓயாத வாய்க்கு அன்னிக்குச் சத்தமே வரலை.

வெரலை வெச்சு எடுத்தாங்க. காயிதத்துல ஒரு கறுப்புத் திட்டு, அவ்வளவுதான். இது எப்படி ஆச்சுன்னு அதிகாரி கேட்டாரு. இவியளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பையி தொலைஞ்சதையும் கொப்பரையையும் சொன்னாங்க. நான் சொன்னேங்கறதை மட்டும் சொல்லலை. வக்கீலு சிரிச்சுப்போட்டு, "ரேகையை அழிச்சவன் பேச்சை எப்படி நம்பறது?"ன்னாரு. அதிகாரி சீட்டையும் அந்தத் திட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாரு. அப்பறம் மனுவைத் தள்ளிட்டாரு.

அந்தப் பைக்குள்ள இருந்த காயிதம் ஒண்ணு கூடக் கடைசி வரைக்கும் எங்கயும் வெளிய வரலை.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல, "என்னைய நாலு வார்த்தை திட்டிப்போடுங்க மாமா"ன்னு கெஞ்சுனேன். எறங்கினதும் அவிய ஊட்டுப் பக்கம் திரும்பலை. வெள்ளை வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "மடையை மாத்தி உட்டுப்போட்டு வந்தர்றேன் புள்ள, கரும்பு காயுது"ன்னு தோட்டத்துப் பக்கம் நடந்தாங்க.

ஓடிப்போயிக் கையைப் புடிச்சேன். அது இனி நம்முளுதில்லீங்கன்னு அவியகிட்டச் சொன்னதும் நாந்தான்.