கரைக்குள் மூடிய பெண்

கல்யாணமாகி உடையார்பாளையம் பக்கத்து ஊருக்கு நான் வந்தபோது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்த ஊர் ஏரி பாளையக்காரர் காலத்தில் வெட்டியது. கட்டக் கட்டக் கரை உடைந்ததாம். கடைசியில் சேரியிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுவந்து கரைக்குள் நிறுத்தி மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். அப்புறம்தான் கரை நின்றது என்று என் மாமியார், சோற்றுக்கு உலை வைத்தபடி, சாதாரணமாகச் சொன்னார்.

அதற்கு ஈடாக அவள் வம்சத்துக்குப் பாளையக்காரர் ஒரு மரியாதை கொடுத்திருந்தார். ஏரி நிரம்பி மடை திறக்கும் நாளில் அந்த வீட்டுப் பெண் கரைமேல் வந்து நிற்பாள். நிலத்துக்காரர்கள் புதுச்சேலை கொடுத்து, "ஆத்தா" என்று அவள் காலில் விழுவார்கள். பாளையம் போயும் அது போகவில்லை.

அப்போது அந்த இடத்தில் நின்றவள் என் வயசுக்காரி. எங்கள் வயலில்தான் நடவு நட்டாள். மற்ற நாளெல்லாம் எங்கள் கொல்லைப் படலுக்கு வெளியே நின்றுதான் கூலி நெல் வாங்குவாள். ஊர்த்தெருவில் அவள் கால் படக்கூடாது.

ஒரு வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. நானும் மாசமாக இருந்தேன், அவளும் இருந்தாள். கரையில் ஒரு இடத்தில் கலங்கல் தண்ணீர் கசிந்தது. எவ்வளவு மண் கொட்டியும் அடங்கவில்லை. மடை திறக்கும் அன்று காலையில் அவள் மஞ்சள் பூசிக்கொண்டு வந்து நின்றாள். என் மாமனார் விழுந்து எழுந்தார். எழுந்தவர் பார்வை அவள் வயிற்றிலேயே நின்றுவிட்டது.

கூட்டத்தில் ஒரு கிழவர் மெல்லச் சொன்னார்: "அன்னிக்கும் பிள்ளைத்தாய்ச்சிதான்."

யாரும் அவரை அதட்டவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். நான் சேலைத் தலைப்பை இழுத்து என் வயிற்றை மூடிக்கொண்டேன். என் பக்கம் ஒருவரும் திரும்பவே இல்லை.

மறுநாள் மத்தியானம் அவள் படலோரம் வந்து கூப்பிட்டாள்.

"அம்மா, நாங்க பொன்மலைக்குப் போறோங்க. எங்க வூட்டுக்காரரு சித்தப்பா ரயில் பட்டறையில இருக்காரு."

"இந்த ஒடம்போடவா? ஒன்னை யாரு என்ன செஞ்சுடப் போறாங்க?"

"செய்யமாட்டாங்கதான். ஆனா கும்பிட்டவுங்க ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கலீங்க."

புதுச்சேலையை மடிப்புக் கலையாமல் படல்மேல் வைத்தாள். "இது கரைக்குள்ள இருக்கறவளுக்குக் குடுத்தது. நான் அவ இல்லீங்க."

"பாத்துப் போயிட்டு வா" என்றேன்.

"வரமாட்டேங்க."

பனைமரங்களை வெட்டிக் கரையில் முளையடித்த நாலைந்து நாளில் கசிவு நின்றது. அவள் ஓடியதால் ஊருக்கு ஆகாது என்று பேசினவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் கரைமேல் ஒரு கல்லை நட்டு, அதற்குச் சேலை சுற்றினார்கள்.

நான் மாமனாரிடம் ஒருமுறை கேட்டேன், "கரைக்குள்ள இருக்கறவ பேரு என்னங்க மாமா?"

"ஆத்தாவுக்கு ஏது பேரு?" என்று எரிந்து விழுந்தார்.

என் மகள் பிறந்த பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கரைமேல் என்னால் நடக்க முடியவில்லை. மண்ணுக்குள்ளிருந்து யாரோ குழந்தையின் குரலைக் கேட்பதுபோல் இருக்கும். வயலுக்கு முள்ளுக்காட்டைச் சுற்றியே போவேன். கணவர் கேட்டால் கரை வழுக்குகிறது என்பேன், கோடையிலும்.

திருச்சிக்குப் போய்வந்த எங்கள் வண்டிக்காரர், பொன்மலைச் சந்தையில் அவளைப் பார்த்ததாகச் சொன்னார். இடுப்பில் பையன் இருந்தானாம். என்னை விசாரித்தாளாம். ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.