சம்பளக்காரருக்குப் பாடு கிடையாது

போன மாதம் ஒரு காரியம் செய்தேன். பழவேற்காடு ஏரிக்கரையில், ஒரு மீனவக் குப்பத்தின் ஊர்க்கூட்டத்தில், நாற்பது ஆண்களுக்கு முன்னால் நின்று, எனக்கு வந்த நிராகரிப்பு மெயிலைச் சத்தமாக வாசித்தேன். முடித்ததும் கைதட்டினார்கள்.

எழுத வந்த பதினான்கு வருஷத்தில் நான் வாங்கிய முதல் கைதட்டல் அதுதான் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு — நான் ஃப்ரீலான்ஸ் பயண எழுத்தாளர். கணவர் கஜேந்திரன், ஏழு வயது மகள் மீரா, நான்... மூவரும் இருப்பது நெதர்லாந்தில் ஒரு சின்ன ஊரில். அவர் அங்கே கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் பார்க்கிறார். அவருடைய சொந்த ஊர் பழவேற்காட்டில், தோணிரேவு என்ற இடத்தை ஒட்டிய அந்தக் குப்பம்தான். அந்தக் காலத்தில் டச்சுக்காரர்கள் கப்பலேறி வந்து பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். நாங்கள் விமானமேறிப் போய் அவர்கள் ஊரில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். என்ன நியாயம் இது?

வசந்தம்தான் எனக்கு சீசன். ஏப்ரலில் ட்யூலிப் பூக்கும். கண்ட பத்திரிகைக்கும் ட்யூலிப் கட்டுரை வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் கஜேந்திரனின் அண்ணன் ஏழுமலை மாமா போன் செய்தார்.

"தம்பி, பாடு லிஸ்ட்ல உன் பேர எடுக்கப் போறாங்கடா. நீ நேர்ல வந்து நின்னாதான் ஆச்சு. நானும் எத்தினி வருஷம்தான் சமாளிக்கறது?"

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் கிடைக்கும் இடத்தில் நினைத்தவர் நினைத்த நேரம் வலை கட்டிவிட முடியாது. இன்றைக்கு உங்கள் வீடு, நாளைக்கு எங்கள் வீடு என்று, கல்யாணமான ஆண்கள் பெயரில் முறை போட்டு வைத்திருக்கிறார்கள். மாதச் சம்பளத்துக்குப் போய்விட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். கஜேந்திரன் மட்டும் எப்படித் தப்பினார்? பதினோரு வருஷமாக எல்லாக் கூட்டத்திலும் ஏழுமலை மாமா சொன்ன பதில் ஒன்றுதான் — "தொழிலுக்குப் போயிருக்கான், வந்துடுவான்."

பதினோரு வருஷம்! அந்த ஏரியிலேயே நீளமான மீன்பிடிப் பயணம் என் வீட்டுக்காரருடையதுதான்.

"போனா போகுது, விடுங்களேன். நீங்க வலையைத் தொட்டே எவ்வளவு நாளாச்சு?" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இங்க நான் வெறும் பெர்மிட் நம்பர். அந்த லிஸ்ட்ல மட்டும்தான் எங்க நைனாவுக்குப் புள்ளையா இருக்கேன். அதையும் அடிச்சிட்டா அப்பறம் நான் எந்த ஊரு, சொல்லு?"

மீராவின் ஈஸ்டர் லீவில் கிளம்பினோம்.

ஆக, இந்த வருஷ ட்யூலிப் கட்டுரையை நான் எழுதியது ஏழுமலை மாமா வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. கரண்ட் இல்லை. 'இளங்குளிர் கன்னத்தைத் தொடுகிறது' என்று டைப் செய்கிறேன். வியர்வை கீபோர்டில் சொட்டுகிறது. வாசலில் மாமாவின் மனைவி கருவாடு காயவைத்திருக்கிறார். மீரா பக்கத்தில் உட்கார்ந்து டச்சு மொழியில் காக்கை விரட்டிக்கொண்டிருக்கிறாள். எப்படியோ முடித்து அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கோயில் ஷெட்டில் கூட்டம். பெண்கள் உட்காரும் வழக்கமில்லை என்பதால் தூணோரம் நின்றேன். தலைவர் முனிரத்தினம் — நாற்பத்தைந்து வயது, கூலிங் கிளாஸ் — என் வீட்டுக்காரரை நடுவில் நிறுத்தினார்.

"வா கஜா. தொழிலுக்குப் போயிட்டு இப்பதான் வர்ற. இன்னா மாட்டுச்சு?"

ஒரே சிரிப்பு.

"அண்ணா, நான் அங்க ஒரு கம்பெனில..."

"சம்பளமா?"

"சம்பளம்தான். ஆனா நிச்சயம் கெடையாதுண்ணா! எப்ப வேணா தூக்கிடுவாங்க. பக்கத்து சீட்டுக்காரன போன மாசம்தான் தூக்குனாங்க!"

தன் வேலை போய்விடும் என்று ஒரு மனிதர் இவ்வளவு பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"மழை பேஞ்சா சம்பளம் வருமா?"

"வரும்."

"பொயலு அடிச்சா?"

"வரும்ணா."

"மொகத்துவாரம் மண்ணு மூடி, ஏரிக்கு எறா வராமப் போனா?"

"அதுக்கும் இதுக்கும் இன்னாண்ணா சம்பந்தம்..."

"வருமா, வராதா?"

"...வரும்."

தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாத்துக்கும் வருதுன்னா அது இன்னா தொழிலு? பேர அடிச்சிடு."

நோட்டு வைத்திருந்தவர் பேனா மூடியைத் திறந்தேவிட்டார். கஜேந்திரன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏழுமலை மாமா துள்ளி எழுந்தார். "இருங்கப்பா! வூடுன்னா ரெண்டு பேரு. அந்தப் பொண்ணு இன்னா தொழில் பண்ணுதுன்னு கேட்டீங்களா?"

நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பின.

"இன்னாம்மா பண்றே?" என்றார் தலைவர்.

"ஊர் ஊராப் போய் எழுதுவேன்."

"யாரு அனுப்புவாங்க?"

"யாரும் அனுப்ப மாட்டாங்க. நானேதான் போவேன்."

"போனா கெடைக்குமா?"

"சில நாள் கிடைக்கும். சில நாள் வெறுங்கையோட வருவேன்."

"வெல யாரு வெக்கறது?"

"வாங்கறவங்கதான்."

"அக்குறும்பு. நம்ம எறாலுக்கும் இதே அநியாயம்தான்" என்று பின்வரிசையில் ஒருவர் முனகினார்.

ஃப்ரீலான்ஸ் என்றால் என்ன என்று பேங்க்காரருக்கு விளக்கியிருக்கிறேன், வீட்டு ஓனருக்கு விளக்கியிருக்கிறேன், என் அப்பாவுக்கு இன்னமும் விளக்கிக்கொண்டிருக்கிறேன். சம்பள ஸ்லிப் இல்லை என்றதும் அத்தனை பேரும் பரிதாபமாகப் பார்ப்பார்கள். இந்த நாற்பது பேருக்கோ இரண்டே நிமிஷத்தில் புரிந்துவிட்டது. அதுவும் மரியாதையோடு!

ஆனால் தலைவர் லேசில் விடுவதாக இல்லை. "வாயில சொன்னா ஆச்சா? கடைசியா எப்பம்மா வெறுங்கையா வந்தே?"

இன்று காலை, என்றேன்.

உண்மை. விடியற்காலையில் வந்த மெயில் அது. யாரிடமும் சொல்லாமல் அழுகையை அடக்கிக்கொண்டுதான் கூட்டத்துக்கே வந்திருந்தேன். போனை எடுத்தேன். தமிழில் மாற்றி, உரக்க வாசித்தேன்.

"உங்கள் கட்டுரையைப் பயன்படுத்த இயலாததற்கு வருந்துகிறோம். வசந்தம் பற்றிய கட்டுரையில் 'வியர்வை' ஐந்து இடங்களில் வருகிறது. ட்யூலிப் தோட்டத்தில் ஏன் காக்கை விரட்டுகிறார்கள் என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை."

அப்போதுதான் அந்தக் கைதட்டல். "பாவம், மொத்த வலையும் காலி" என்றார் ஒருவர். தலைவர் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டார். 

"இதாம்பா தொழிலு! எழுது... கஜேந்திரன், வூட்டுத் தொழில் நிச்சயமில்ல. பேரு இருக்கட்டும். ஆனா ஒண்ணு கஜா, வூட்டுல ரெண்டாவது சம்பளம் வந்துச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே அடிச்சிடுவேன்."

கஜேந்திரன் நாற்பது பேரையும் மறந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். என் தோல்வி ஒன்று இத்தனை பேரைச் சந்தோஷப்படுத்தும் என்று யார் கண்டது?

நெதர்லாந்து திரும்பி இரண்டு வாரமாகிறது. நேற்று ஒரு மெயில். பயணப் பத்திரிகை ஒன்றில் உதவி ஆசிரியர் வேலை. நிரந்தரம். மாதச் சம்பளம், மெடிக்கல், லீவு, எல்லாம்.

கல்யாணமான நாளிலிருந்து "உருப்படியா ஒரு வேலை தேடேன்" என்று என் உயிரை வாங்கியவர் கஜேந்திரன். ஓடிப்போய்க் காட்டினேன். படித்தார். மறுபடி படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அண்ணன் காதுக்குப் போறதுக்குள்ள முடியாதுன்னு எழுதிடு."