தங்கையாவுக்கு வழி சொல்லும் குரல்

நம் நாட்டு செயற்கைக்கோள் மேலே போன சூட்டோடு தெங்கேராக் கடைத்தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது: பார்வையில்லாத தங்கையாவுக்கு வானத்திலிருந்து யாரோ காதில் வழி சொல்கிறார்களாம். சரிபார்க்க ஒரு திங்கட்கிழமை காலை அவருடன் நடந்தேன்.

வானமெல்லாம் இல்லை. இடுப்பில் வாக்மேன், அதில் மனைவி மங்களத்தின் குரல். கிளம்புமுன் எனக்கும் போட்டுக் காட்டினார். "நாப்பது நடை. காப்பி வறுக்குற வாசம் வரும். அடுத்த கடைக்கு ரெண்டு படி எறங்கணும்." தெங்கேராவில் கடைக்குக் கடை வாசலை ஒட்டிய நடைபாதையின் உயரம் மாறும். தங்கையா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொத்தானை அமுக்கி நிறுத்தி, கோலைத் தட்டிக்கொண்டு, என்னைவிட வேகமாகப் போனார்.

அன்று டெலிபோன் ஆபரேட்டர் வேலையில் அவருக்கு முதல் நாள். துணையில்லாமல் வந்தால்தான் வேலை என்று ஆபீசில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்களாம். அது தெரியாமல் நான் வாசல்வரை ஒட்டிக்கொண்டு போய்விட்டேன்.

"ஆளக் கூட்டிக்கிட்டுதான வந்திருக்கீங்க?" என்றார் வாசலில் நின்ற கிராணி, அந்த ஆபீஸ் குமாஸ்தா.

"இவரா? நாந்தான் சார் இவரக் காவாயிலேர்ந்து தூக்கிக் கூட்டியாந்தேன். காலப் பாருங்க லா!" என்றார் தங்கையா.

கிராணி பார்த்தார். கடைப் பலகையைப் படித்துக்கொண்டே நடந்து சாக்கடையில் விட்ட என் வலது காலில் முழங்கால்வரை சேறு. சிரித்தபடி தங்கையாவுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே போகுமுன் தங்கையா எனக்கும் ஒரு வேலை தந்தார். புக்கிட் பெருவாங்கில் பஸ் நிறுத்தத்திலிருந்து அவர் தங்கை வீட்டுக்கு இதேபோல் வழி சொல்லி ஒரு கேசட் பதிய வேண்டும். நானும் நான்கு தடவை நடந்து காலடிகளை எண்ணிவிட்டேன். நான்கு கணக்கு வருகிறது. கேசட் இன்னும் பாக்கி.