பேருக்கு எட்டு

எமில் ஹுடாக்குக்கு இரும்பு உத்தரங்களின் அளவு அத்தனையும் மனப்பாடம். அதை அவர் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. மொனங்கஹீலா ஆற்றங்கரை இரும்புக் கிடங்கில் விற்பனை மேசை அவருடையது. பன்னிரண்டு அங்குல உத்தரம் வாங்கிப்போன மேஸ்திரி எவராவது டேப்பும் கையுமாகத் திரும்பி வந்து, கால் அங்குலம் கூடுதலாக இருக்கிறதே என்று கேட்டுவிட்டால் போதும், எமிலுக்கு அன்று மதியச் சாப்பாடே தேவைப்படாது.

"பன்னெண்டுங்கிறது அதோட பேருப்பா. அளவு புஸ்தகத்துல இருக்கு. படிக்கத் தெரியும்ல?" என்பார், வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

மகள் மார்லினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. விருந்து ஸ்லோவாக் கிளப்பின் நிலவறைக் கூடத்தில். அங்கே நட்டநடுவில் ஒரு தூண். ஏழு வயதில் ஆடிக்கொண்டே போய் அதில் மோதி முன்பல்லைப் பறிகொடுத்தவள் மார்லின். அப்பாவும் தானும் சேர்ந்து ஆடும்போது அந்தச் சனியன் குறுக்கே நிற்கக் கூடாது என்று மட்டும் கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. தூணை எடுத்துவிட்டு உத்தரம் போட்டுத் தருவதாக எமில் கிளப்பு முழுக்கச் சொல்லிவைத்தார்.

எட்டு அங்குல உத்தரம், அடிக்கு முப்பத்தொரு பவுண்டு எடை, தாராளமாகப் போதும் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார். என் மகள் கல்யாணத்துக்கு இந்த நோஞ்சானா என்று எமிலுக்கு ரோஷம் வந்துவிட்டது. எட்டிலேயே கனமானதை, அடிக்கு அறுபத்தேழு பவுண்டு உள்ளதை, எடுத்துவைக்கச் சொன்னார். புத்தகத்தைத் திறக்கவில்லை. புத்தகமெல்லாம் மற்றவர்களுக்கு. இரண்டு பக்கச் சுவரிலும் எட்டேகால் அங்குல உயரத்துக்குக் குழி வெட்டி, அடியில் காங்கிரீட்டும் ஊற்றவைத்தார்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் கிரேன்காரர் செஸ்டர் உத்தரத்தைக் கொண்டுவந்தார். குழிக்குள் அது நுழைய மறுத்தது. பேர் ஒன்றாக இருந்தாலும், எடை கூடக்கூட உத்தரத்தின் மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் தடித்துக்கொண்டே போகும், உயரமும் ஏறும். எமிலுக்குத் தெரியாததா? ஊருக்கே பாடம் எடுத்தவராயிற்றே.

செஸ்டர் டேப்பை வைத்துப் பார்த்தார். முழுசாக ஒன்பது அங்குலம்.

"எட்டுங்கிறது அதோட பேரு, எமில். அளவு புஸ்தகத்துல இருக்கு," என்றார். படிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

காங்கிரீட்டை உடைத்து மறுபடி ஊற்றினால் இறுகவே ஒரு வாரம் ஆகும். தூணை இன்னும் எடுக்காதது யார் செய்த புண்ணியமோ. உத்தரத்தை வாசலில் போட்டார்கள். மறுநாள் விருந்தாளிகள் அதில் வரிசையாக உட்கார்ந்து பீர் குடித்தார்கள். உட்கார வசதியான அகலம் என்று பாராட்டு வேறு.

உள்ளே அக்கார்டியன் தொடங்கியது. எமிலுக்கு மகள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பல் போனபோது அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய கைகள்தான், இப்போது அவள் கையைப் பிடிக்கவே கூசின. மார்லினே வந்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு சுற்று தலைகுனிந்தபடியே ஆடினார். மூன்றாவது சுற்றில் நேரே போய்த் தூணில் மோதினார். நெற்றி புடைத்துவிட்டது.

மார்லின் அந்த இடத்தைத் தடவிவிட்டு, கூடத்துக்கே கேட்கும்படி சொன்னாள்:

"அளவு பாத்து ஆடுப்பா."

கூடம் முழுக்கச் சிரித்தது. எமில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூணைச் சுற்றி ஆடினார்.